தீபாவளிச் சாயம்

மலேசியத் தமிழர் வாழும் குடியிருப்புப் பகுதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒன்றைக் காணலாம். வீடு சிறியதோ பெரியதோ, அதன் முன்புறத்தில் இரும்பாலான இருக்கை ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது நால்வர் எதிரெதிரே அமரும் ஊஞ்சல். சில வீடுகளில் பூவேலைப்பாடு கொண்ட பெஞ்சு. வேறு சில வீடுகளில் வட்ட மேசையும் இரண்டு நாற்காலிகளும். தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த காலத்தில் அந்த இடத்தில் பலகை பெஞ்சு இருந்தது. பால்வெட்டு முடித்துக் குளித்து வந்த பெரியவர்கள் அதில் அமர்ந்தார்கள். நாளிதழை ஒருவர் படிக்க, நால்வர் கேட்டார்கள். அந்தப் பலகையைக் கரையான் அரித்தது. மழை உளுத்துப்போகச் செய்தது. தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த தலைமுறை, கரையான் தொட முடியாத பொருளாக இரும்பைத் தேர்ந்துகொண்டது. கரையான் இரும்பைத் தின்பதில்லை என்பது உண்மையே. ஆனால் இரும்பைத் தின்பதற்கென்றே வேறொன்று இருக்கிறது. அது கரையானைவிடப் பொறுமை மிக்கது.

தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது இரும்புச் சாமான் கடைகளில் சாயத் தகரங்கள் விரைந்து விற்பனையாகும். வீட்டுச் சுவருக்குச் சாயம் வாங்கும்போதே வாயில் கதவுக்கும் ஊஞ்சலுக்கும் சேர்த்து எண்ணெய்ச் சாயம் வாங்கிவிடுவது வழக்கம். விடுமுறை நாளொன்றில் வீட்டு இளைஞர் ஒருவர் தூரிகையைக் கையில் எடுப்பார். பழந்துணியால் ஊஞ்சலைத் துடைத்துவிட்டு, காலையில் தொடங்கிய வேலையை மாலைக்குள் முடித்துவிடுவார். விருந்தினர் வரும் நாளில் ஊஞ்சல் புத்தம் புதிதாகப் பளபளக்கும். ஆண்டுக்கொரு முறை சாயம் பூசுவதால் பொருளை நன்கு பேணுகிறோம் என்ற மனநிறைவும் வீட்டாருக்கு உண்டாகும். தீங்கு அந்த மனநிறைவில்தான் தொடங்குகிறது.

தீபாவளி ஐப்பசியில் வருவது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும் பருவக்காற்று மாறுகின்ற காலம். நண்பகல் தாண்டியதும் வானம் கறுத்து, இடியோடு மழை கொட்டுகின்ற நாள்கள் அவை. ஆண்டு முழுமைக்கும் பார்த்தாலும் நாட்டின் பெரும்பாலான இடங்களில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தாலே வெறும் இரும்பில் துரு விரைவு பெற்றுவிடும் என்பது உலோகவியலார் கண்டது. ஆகவே, இந்நாட்டில் இரும்பைக் காப்பவர் நாள்தோறும் இயற்கையை எதிர்த்து நிற்கிறார். அப்படி இருக்க, ஆண்டிலேயே ஈரம் மிகுந்த வாரங்களைப் பார்த்துச் சாயம் பூசுவது, மழையில் நெல்லைக் காயவைப்பதற்கு ஒப்பாகும்.

கிள்ளான் வட்டாரத்தில், துறைமுகத்துக் கடற்காற்று வந்து சேரும் தொலைவில் இருக்கும் ஒரு வீட்டில் இந்த உண்மை வெளிப்பட்ட விதம் பலருக்கும் பயன்படக்கூடியது. அவ்வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். இளமையில் செந்தூல் இரயில்வே பட்டறையில் பொருத்துநராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டு, 1945இல் நேசநாட்டு விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, மறுபடியும் எழுந்து நின்ற பட்டறை அது. இரும்பு என்றால் என்ன என்பதை ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கற்பித்த இடமும் அதுவே. “இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது” என்னும் பழமொழிக்கு அந்தப் பெரியவர் சான்றாக விளங்கினார். ஓய்வு பெற்ற பிறகும் அண்டை வீட்டாரின் கதவுக் கீலையும் மிதிவண்டிச் சங்கிலியையும் அவர் கை தேடிக்கொண்டே இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வீட்டு முன்புறத்தில் இரும்புக் குழாயால் செய்த ஊஞ்சல் ஒன்று இருந்து வந்தது. அவருடைய துணைவியார் மாலை நான்கு மணிக்கு முருங்கைக்கீரையை ஆய்வதும், பேரப்பிள்ளைகள் பள்ளிப் பாடம் ஒப்பிப்பதும் அதில்தான். முன்பெல்லாம் ஊஞ்சலைப் பேணும் பொறுப்பு பெரியவருடையது. முழங்கால் வலியும் கண்புரையும் வந்தபின் அப்பொறுப்பு மகனுக்குப் போயிற்று. மகன் கடமை தவறாதவர். ஏழெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு தீபாவளிக்கும் ஊஞ்சலுக்குப் பச்சைச் சாயம் பூசி வந்தார்.

கண்புரை அறுவை முடிந்து பார்வை தெளிந்த ஆண்டில், தைப்பூசத்திற்கு மறுவாரம், பெரியவர் ஊஞ்சல் அருகே மெல்லக் குனிந்து அமர்ந்தார். கையில் சிறு சுத்தியல் ஒன்று இருந்தது. பட்டறையில் இரயில் சக்கரங்களை நீண்ட பிடியுள்ள சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை உண்டு. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும்; வெடிப்புள்ள சக்கரத்தின் ஒலி மங்கிவிடும். பெரியவர் ஊஞ்சலின் கால்களை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு கால்கள் நன்றாகவே ஒலித்தன. மூன்றாம் காலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒலி செத்துப்போயிற்று. நான்காம் காலிலும் அப்படியே. திருப்புளியின் முனையை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். பளபளக்கும் பச்சைச் சாயம் தோலைப்போல் உள்வாங்கியது. திருப்புளி குழாய்க்குள் இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது ஈரமான செம்மண்ணைப்போலத் துரு கொட்டியது.

அந்த ஊஞ்சலில் அன்று காலைவரை ஆறு வயதுப் பேரன் நின்றுகொண்டே ஆடியிருந்தான். வீட்டிலிருந்தவர் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

“ஆண்டு தவறாமல் சாயம் பூசினேனே அப்பா” என்றார் மகன். குரலில் வருத்தமும் இருந்தது. சற்று மனத்தாங்கலும் இருந்தது.

“பூசினாய், தம்பி. துருவின்மேல் பூசினாய். அதை மூடித்தான் வைத்தோம், நிறுத்தவில்லை” என்றார் பெரியவர். அதற்குமேல் மகனைக் குறை கூறவில்லை.

பூச்சு ஏன் துருவை நிறுத்துவதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது அரிதன்று. இரும்பு, நீர், காற்றிலுள்ள உயிர்வாயு ஆகிய மூன்றும் கூடும்போது துரு பிறக்கிறது. கடற்கரை ஓரத்தில் காற்றோடு வரும் உப்பு அந்த வேலையை மேலும் விரைவாக்குகிறது. துரு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அலுமினியத்தின் மேலும் காற்றுப்பட்டு ஒரு படலம் உண்டாகிறது. ஆனால் அந்தப் படலம் இறுகப் படிந்து, உள்ளிருக்கும் உலோகத்திற்குக் கவசமாகிறது. துரு கவசமாவதில்லை. மேலும், தான் தின்ற இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு பிடித்துக்கொள்கிறது. அதனால் மேலே பூசிய சாயத்தைக் கீழிருந்து நெம்பித் தூக்குகிறது. தூக்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளவு உண்டாகிறது. பிளவின் வழியே மீண்டும் நீர் புகுகிறது. ஆண்டுதோறும் பூசிய சாயம் தடித்துத் தடித்து, பிளவுகளை மறைத்துக் காட்டுவதற்கே பயன்படுகிறது.

குழாயால் செய்த பொருள்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. அவை உள்ளிருந்தே கெடுபவை. பற்றவைத்த மூட்டில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும்; மழைநீர் உள்ளே இறங்கிக் காலின் அடியில் தேங்கும். தரையில் கீறல் விழாமலிருக்கக் காலில் மாட்டும் இரப்பர் மூடி, அந்த நீரை வெளியேற விடாமல் கிண்ணம்போல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிப்புறம் எத்தனை அழகாக இருந்தாலும், கால் தன் அடியில் நீரில் நின்று அழுகிக்கொண்டிருக்கும். பெரியவரின் ஊஞ்சலுக்கு நேர்ந்தது இதுவே.

ஊஞ்சலைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம் என்று மகன் கருதினார். மருமகளும், “மாமா, இப்போது அலுமினிய நாற்காலிகள் நல்லதாக வருகின்றன. துருப்பிடிக்காது. நீங்களும் இந்த வயதில் குனிந்து நிமிர வேண்டாம்” என்றார். அன்பினால் சொன்ன சொல் அது. பெரியவர் உடனே மறுக்கவில்லை. “முதலில் எது நல்லது, எது கெட்டது என்று பார்ப்போம். கெட்டது பாதிக்கு மேல் இருந்தால் நானே கொடுத்துவிடச் சொல்கிறேன்” என்றார். பழைய பொருள் என்பதற்காகவே எறிவதும் தவறு. பழகிய பொருள் என்பதற்காகவே அழுகியதை வைத்துக்கொள்வதும் தவறு. இவ்விரண்டுக்கும் இடையே நின்று முடிவு செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு மூட்டையும் தட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தச் சோதனையில் அவருக்குத் துணை நின்றவர் பதினைந்து வயதுப் பேத்தி. இரும்பு துருப்பிடிக்கும் முறையை அறிவியல் பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதியவர். ஆயினும் உப்புத்தாளைக் கையால் பிடித்தறியாதவர். தாத்தாவோ சமன்பாட்டை எழுதத் தெரியாதவர். ஆயினும் துருவின் குணத்தை விரல் நுனியில் அறிந்தவர். இருவரும் சேர்ந்து ஊஞ்சலைக் கழற்றினார்கள். இருக்கைச் சட்டம், சாய்வு, மேற்சட்டம், இரண்டு கால்கள் ஆகியவை நல்ல நிலையில் இருந்தன. இரண்டு கால்களின் கீழ்ப்பகுதி கெட்டிருந்தது. தொங்கு கம்பிகளை மாட்டியிருந்த கொக்கிகள், ஒன்றோடொன்று உராயும் இடத்தில் தேய்ந்து இளைத்திருந்தன. சாயம் மறைக்கும் கேடுகளில் மிகக் கொடியது இந்தத் தேய்மானம். ஊஞ்சலின் முழு எடையும் தாங்குவது அந்தக் கொக்கியின் வளைவுதான். தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கலாகாது.

பழைய சாயத்தைச் சுரண்டத் தொடங்கியபோது பச்சைக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் நீலம் என்று பல அடுக்குகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் செந்நிறமாக ஒரு பூச்சு தெரிந்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. பட்டறைக் காலத்தில் இரும்புக்கு முதற்பூச்சாக அவர்கள் நம்பியிருந்த காரீயச் செந்தூரச் சாயம் அது. “இதைப் பூசிய இடத்தில் துரு இல்லை, பார்த்தாயா?” என்று பேத்தியிடம் காட்டினார். பேத்தி தயங்கியபடி, “தாத்தா, இது காரீயம் கலந்தது. இதன் தூள் உள்ளே போனால் தம்பியைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும் என்று படித்திருக்கிறேன்” என்றாள். பெரியவர் கையிலிருந்த கம்பித் தூரிகையைக் கீழே வைத்தார். அவர் காலத்தில் அந்தத் தூளை மூச்சில் இழுத்துக்கொண்டே வேலை செய்தவர்கள் பலர். அவர்களுக்கு எவரும் இதைச் சொல்லவில்லை.

அதன்பின் வேலையின் முறை மாறியது. சிறுவன் வீட்டுக்குள் அனுப்பப்பட்டான். தரையில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டது. இருவரும் முகமூடியும் கையுறையும் அணிந்துகொண்டனர். பழஞ்சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தனர். தூள் காற்றில் எழவில்லை. தீயால் சுட்டு உரிக்கும் பழைய வழக்கத்தைப் பெரியவர் தாமே கைவிட்டார். செந்நிறப் பூச்சு உறுதியாகப் பிடித்திருந்த இடங்களைக் கிளறாமல், புதுப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கவிட்டனர். சேர்ந்த கசடு முழுவதையும் விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தினர். தாம் அறிந்ததே முடிவு என்று பெரியவர் நினைத்திருந்தால், ஊஞ்சலைக் காப்பாற்றியிருப்பார். அதில் ஆடும் பிள்ளைக்குக் கேடு செய்திருப்பார்.

கெட்டுப்போன கால்களை அறுத்துப் புதுக் குழாய் பற்றவைக்கும் வேலையை அடுத்த சாலையில் வெல்டிங் பட்டறை நடத்தும் சீனரிடம் ஒப்படைத்தனர். பெரியவரும் அவரும் மலாய் மொழியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். துத்தநாகம் பூசிய குழாயைப் பயன்படுத்துவதென்று முடிவாயிற்று. 1837இல் பிரான்சு நாட்டில் காப்புரிமை பெற்ற முறை அது. துத்தநாகம் இரும்பைவிட விரைவாக வினைபுரிவது. ஆதலால் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தன்னை இழந்து, அருகிலுள்ள இரும்பைக் காக்கும். ஆனால் அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை, காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கக்கூடியது. பால் குடித்தால் அது தீரும் என்று பட்டறைத் தொழிலாளர் பலர் நம்பி வந்தனர். அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முன்னரே தேய்த்து நீக்குவதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதுமே உரிய காப்பு. பட்டறைக்காரர் இரண்டையும் செய்தார். பற்றவைத்த பின் வெறுமையான அவ்விடத்திற்குத் துத்தநாகத்தூள் மிகுந்த பூச்சைத் தடவிக் கொடுத்தார். பெரியவர் கேட்டுக்கொண்டபடி, காலின் அடிப்பகுதியில் நீர் வடிவதற்குச் சிறு துளையும் இட்டுத் தந்தார்.

எஞ்சிய வேலை வீட்டில் நடந்தது. துருப்பிடித்த திருகாணிகளையும் மறைகளையும் பேத்தி ஒரு கிண்ணத்தில் வினிகரில் ஓரிரவு ஊறவைத்தாள். சமையலறையில் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவதைப்போலத்தான் இதுவும். புளிப்பு, கறையைக் கரைக்கிறது. காலையில் அவற்றைக் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் தடவி வைத்தாள். கழுவி அப்படியே விட்டிருந்தால் சில மணி நேரத்திலேயே மீண்டும் செந்நிறம் ஏறியிருக்கும். தூரிகை எட்டாத மூலைகளில் இருந்த மெல்லிய துருவிற்குக் கடையில் விற்கும் துருமாற்றித் திரவத்தைத் தடவினர். அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் துருவோடு கூடி, நீலங்கலந்த கருநிறப் படலமாக மாறுகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் கறுப்பு மை காய்ச்சியதும் இதே வினையால்தான் என்று அறிந்தபோது பேத்திக்கு வியப்புத் தாளவில்லை. ஆனால் இத்திரவம் மெல்லிய துருவிற்கே உதவும். அடுக்கடுக்காக உரிகின்ற துருவைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதற்பூச்சு பூசும் நாளைப் பெரியவர் வானத்தைப் பார்த்தே முடிவு செய்தார். இரவில் பெய்த மழையின் ஈரம் காலைப் பத்து மணிவரை இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். பிற்பகல் மூன்றுக்குமேல் மறுபடி மேகம் கூடலாம். இடைப்பட்ட நேரமே இந்நாட்டில் சாயம் பூசத் தக்கது. தேய்த்துத் தூய்மையாக்கிய இரும்பை மறுநாள்வரை வைத்திருக்கவும் கூடாது. அன்றே டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்து, அன்றே முதற்பூச்சைப் பூசிவிட வேண்டும். காரீயச் செந்தூரத்தின் இடத்தில் இப்போது துத்தநாகப் பாஸ்பேட் கலந்த முதற்பூச்சு கடைகளில் கிடைக்கிறது. அதையே வாங்கினர். புதுக் குழாயின் வழவழப்பான துத்தநாகத்தின்மேல் எண்ணெய்ச் சாயம் பிடித்து நிற்பதில்லை. ஆதலால் அந்தப் பகுதிக்கென்று தனி முதற்பூச்சும் வாங்கப்பட்டது.

பேத்தி அகன்ற பரப்புகளில் தூரிகையை ஓட்டத் தொடங்கியபோது பெரியவர் தடுத்தார். “விளிம்பிலிருந்து தொடங்கு, அம்மா. சாயம் கூர்மையான விளிம்பில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான்” என்றார். விளிம்புகளுக்கும் மூட்டுகளுக்கும் முதலில் ஒரு கோட்டுப் பூச்சு. பிறகு முழுவதற்கும் மெல்லிய பூச்சு. நன்கு உலர்ந்தபின் மீண்டும் ஒன்று. அதற்குமேல் இரண்டு மேற்பூச்சு. தடிப்பான ஒரே பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகள் உறுதியாக நிற்கும். இருக்கையின் அடிப்பக்கத்தை ஊஞ்சலைக் கவிழ்த்துப்போட்டுப் பூசினர். விருந்தினர் பார்வை படாத அந்த அடிப்பக்கத்தில்தான் ஈரம் நெடுநேரம் தங்குகிறது. ஏழெட்டு ஆண்டுகளாகத் தீபாவளிச் சாயம் எட்டாத இடமும் அதுவே.

வேலை முடிய ஒன்பது நாள்கள் ஆயின. நடுவில் மழை பெய்த இரண்டு நாள்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தனர். மகனும் மாலையில் வேலைவிட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு உப்புத்தாளைக் கையில் எடுத்தார். முதல் நாளில் இருந்த மனத்தாங்கல் மூன்றாம் நாளில் இல்லை. புதுக் கொக்கிகள், புதுக் குழாய், பற்றவைப்புக் கூலி, சாயம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, புதிய ஊஞ்சலின் விலையில் ஒரு பகுதியே செலவாகியிருந்தது. எல்லா நேரத்திலும் கணக்கு இப்படி முடியும் என்று சொல்வதற்கில்லை. நான்கு கால்களும் மேற்சட்டமும் கெட்டிருந்தால், பழுதுபார்ப்பது பணத்திற்கும் கேடு, அமர்பவரின் உயிருக்கும் கேடு. அப்போது எறிவதே அறிவுடைமை.

அலுமினிய இருக்கை வாங்குவோரும் கவலையின்றி இருந்துவிட முடியாது. அலுமினியம் துருப்பிடிக்காவிட்டாலும் அதை இணைக்கும் இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும். இருவேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காக அரிபடும். இடையே நைலான் வளையம் ஒன்றை வைத்தால் அதைத் தடுக்கலாம். ஆகவே பேணுதல் வேண்டாத உலோகம் என்று ஒன்று இல்லை. தில்லியில் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகத் துருவுக்கு இரையாகாமல் நிற்கும் இரும்புத் தூணைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால் அதன்மேல் காப்புப் படலம் உண்டாயிற்று என்று ஆய்வாளர் விளக்கியுள்ளனர். கடையில் வாங்கும் குழாய்க்கு அந்தக் குணம் இல்லை. பாரிசு நகரத்து ஐஃபெல் கோபுரமே சரியான எடுத்துக்காட்டு. 1889இல் எழுந்த அந்த இரும்புக் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழாண்டுக்கு ஒருமுறை சாயம் பூசுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 60 டன் சாயம் செலவாகிறது. பூசுவதற்கு முன் துருப்பிடித்த இடங்களைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சிடுவதும் அந்த வேலையில் அடங்கும். அது இன்றும் நிற்பது இரும்பின் பெருமையால் மட்டுமன்று. அதன்மேல் ஏறிச் சுரண்டும் மனிதர்களாலும்தான்.

பொது இடங்களிலும் இவ்வுண்மை கண்ணில் படுகிறது. ஆலய வளாகங்களிலும் மண்டபங்களிலும் உபயம் செய்தவர் பெயர் எழுதிய இரும்பு பெஞ்சுகள் வரிசையாக இருக்கும். திருவிழா வரும்போது பெயரெழுத்துகள் புதுச் சாயம் பெறும். பெஞ்சின் காலை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. ஒருநாள் முதியவர் ஒருவர் அமரும்போது கால் மடிந்தால், “பொருள் சரியில்லை” என்று கடைக்காரரைக் குறை கூறுவார்கள். பெயர் தெரிவதற்குச் செலவிட்ட சாயத்தில் ஒரு கரண்டி அளவைக் காலின் அடிக்குச் செலவிட்டிருந்தால், உபயம் செய்தவரின் பெயர் இன்னும் நெடுநாள் நின்றிருக்கும்.

பெரியவர் வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. மாதத்திற்கு ஒருமுறை ஊஞ்சலைச் சவர்க்கார நீரால் கழுவி, நல்ல நீர் விட்டுத் துடைக்கிறார்கள். கடற்காற்று கொண்டுவந்த உப்பு அதனோடு போய்விடுகிறது. கீறல் கண்டால் அன்றே தேய்த்து, சிறு தூரிகையால் அந்த இடத்துக்கு மட்டும் முதற்பூச்சும் மேற்பூச்சும் இடுகிறார்கள். கொக்கிக்கு மசகு தடவுகிறார்கள். காலடித் துளை அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தி விடுகிறார்கள். தைப்பூசம் முடிந்த வாரத்தில், மழை சற்று ஓய்ந்திருக்கும் நாள் பார்த்து, நான்கு கால்களையும் தட்டிக் கேட்கிறார்கள். தட்டுவது பேத்தி, கேட்பது இருவரும். எந்த ஒலி நல்லது, எந்த ஒலி கெட்டது என்பதைப் பெரியவர் சொல்லால் விளக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டார். அருகில் நின்று பலமுறை கேட்டுத்தான் அதைக் கற்க முடியும். செந்தூலில் அவர் கற்றதும் அவ்வாறே.

அடுத்த தீபாவளிக்கு அவ்வீட்டில் ஊஞ்சலுக்குச் சாயம் பூசவில்லை. வந்த உறவினர் ஒருவர், “என்ன, இந்த ஆண்டு ஊஞ்சலுக்குச் சாயம் அடிக்கவில்லையா?” என்று கேட்டார். மகன், “தைப்பூசத்திற்கே பார்த்துவிட்டோம்” என்று மட்டும் கூறி, முறுக்குத் தட்டை அவர்பால் நகர்த்தினார். உறவினருக்கு அது விளங்கியிருக்குமோ, இல்லையோ. பாட்டியார் சிறுவனோடு ஊஞ்சலில் அமர்ந்திருந்தார்.

விழா நாளுக்காகப் பொருளைப் பளபளக்கச் செய்வது ஒரு மகிழ்ச்சி. அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் பளபளப்பைப் பேணுதலென்று எண்ணிக்கொண்டால், வீட்டிலுள்ள முதியவரும் குழந்தையும் அறியாமலே அழுகிய காலை நம்பி அமர்வார்கள். குனிந்து பார்ப்பதற்குச் சிறிது நேரமும், தட்டிக் கேட்பதற்கு ஒரு சுத்தியலும், கெட்டதைக் கெட்டதென்று ஒப்புக்கொள்ளும் மனமும் இருந்தால் போதும். சாயம் அதற்குப் பிறகு வரட்டும்.